நோவுக்கு யார் வைத்த பேர்?



இன்று நாம் நினைவுகூரும் மூத்த தோழர், கடைசி நாட்களில் எங்களிடம் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை நீட்டி, "இதுல எனக்கு என்னன்னு எழுதியிருக்குது கண்ணு, படிச்சுச் சொல்லு" என்றார். கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள் மூன்று பேரும் பட்டம் பெற்றவர்கள். ஒருவர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. எங்களால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது, அவருக்குச் சொல்ல முடியவில்லை. ஊர்க் கூட்டங்களில் சட்டப் பிரிவுகளை எண் தவறாமல் சொன்னவர், தன் உடம்பில் என்ன நடந்தது என்று தெரியாமலே போனார்.

ஆங்கிலம் கற்பவர்கள் என்றால் கல்லூரி மாணவர்களும் பயிற்சி நிலையங்களில் பணம் கட்டுகிறவர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் சேரிப் பெண்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓ.பி. சீட்டு, பி.பி., சுகர், ஸ்கேன், ட்ரிப்ஸ், சிசேரியன், ஐ.சி.யு. — இவ்வளவு ஆங்கிலத்தையும் அவர்கள் வரிசையில் நின்றே கற்றார்கள். ஆனால் இது ஒருவழிப் பாடம். வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுபோகும் சொற்கள் வேறு: மேலுக்குச் சொகமில்லை, கைகால் குடைச்சல், நெஞ்சு காந்துது, மண்டையிடி, குறுக்கு வலி. குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. சொல்கிறவருக்கு அந்த வேறுபாடு தெரியும். சீட்டில் எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாக இறங்கிவிடுகிறது.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி நம் ஊரிலேயே நடந்தது.

1916இல் இதே சேலத்தில் தமிழ் அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்போது இங்கே வழக்கறிஞராக இருந்த ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அதை முன்னின்று நடத்தினார்கள். மேல்நாட்டு அறிவியலைத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குச் சொற்களை முடிவு செய்ய வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தமிழ்ச் சொற்களுக்காக வந்த அந்த ஏடு ஆங்கிலத்தில் வந்தது. முயற்சியை வரவேற்று எழுதிய பாரதியும் இதைக் குறையாகச் சொன்னார். அதே 1916இல்தான் மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கமும் பிறந்தது. அதற்குப் பிறகு கலைச்சொல் பற்றிய பெரிய வாதமெல்லாம் வடமொழியா, தனித்தமிழா, ஆங்கிலத்தை அப்படியே எழுதுவதா என்பதாகவே போனது. மூன்று தரப்பும் புத்தகத்தைத்தான் புரட்டின. பிள்ளைப்பேறு பார்த்த கைகளிடம் போய் இதற்கு நீங்கள் என்ன பேர் சொல்கிறீர்கள் என்று கேட்பது இந்த வாதத்தில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

ராஜாஜி பிற்காலத்தில் எழுதிய வேதியியல் நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர். எளிமையைக் குறிக்க வைத்த பெயர். அந்தக் காலத்தில் யார் யார் எந்தத் திண்ணையில் ஏறி உட்கார முடிந்தது என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை.

சேலம் சங்கம் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1914இல், அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தார். அவர் சித்த மருத்துவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். ஒரு சொல்லை எடுத்தால் அதன் வேர்வரை போய் வாதாடியவர். நாடி பிடிக்கவும் சொல்லை ஆராயவும் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். தமிழில் மருத்துவம் பேச முடியுமா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையே ஒரு பதில். கலைச்சொல் வரலாறு பேசும்போது அந்தப் பெயரை அதிகம் கேட்க முடிவதில்லை.

மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று தயங்கியவர்களுக்கு இன்னொரு பதில் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில், அதற்கும் முன்பே கிடைத்திருந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் அங்கே வந்தார். மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலையைத் தேடிப் போகிறார்கள், கிராமத்தில் தங்குவதில்லை என்று கண்டபின் 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, அறுவை, பிள்ளைப்பேறு, வேதியியல் என்று பெரிய பெரிய நூல்கள் தமிழில் வந்தன. 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்ற தலைப்புகள் இன்று நமக்குக் கரடுமுரடாகத் தெரியலாம்; வடமொழி மிகுதிதான். ஆனால் அந்தச் சொற்களைக் கொண்டு உயிருள்ள உடம்புகளுக்கு மருத்துவம் பார்க்கும் வைத்தியர்கள் உருவானார்கள். சேலத்து ஏடு பட்டியல் போட்டது. மானிப்பாயில் சொல்லுக்கு வேலை கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஆங்கிலச் சொல்லே கூடாது என்று நாங்கள் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். தமிழ் நோய்ப்பெயர்கள் பலவற்றில் வசவு ஒட்டியிருக்கிறது. குஷ்டரோகி என்ற சொல்லைத் திட்டுவதற்குத்தான் நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். லெப்ரசி என்றும் டி.பி. என்றும் சொல்லும்போது அந்த எச்சில் கொஞ்சம் விலகுகிறது. சாதிப் பேரைச் சொல்லி அழைக்கப்பட்டவர்களுக்கு, வரலாறு ஒட்டாத ஒரு சொல்லின் அருமை தெரியும்.

இதற்கு நாமக்கல் பெரிய சாட்சி. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவில் முதல்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். லாரித் தொழிலின் ஊரான நாமக்கல் மீது விரைவிலேயே அந்தப் பழி விழுந்தது. 'ஆட்கொல்லி நோய்' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். அந்தச் சொல் நோயைவிட நோயாளியைத்தான் கொன்றது. நாமக்கல்லில் பிறந்த பி. கௌசல்யா, கணவர் வழியாகத் தொற்று வந்த பின் முகத்தை மறைக்காமல் பேசினார்; 1998இல் தொற்றுள்ள பெண்களுக்காக அமைப்பு கண்டார். அதன் பெயரில் 'பாசிட்டிவ்' என்ற சொல் இருக்கிறது. ஆய்வகத் தாளில் தலைவிதியாக வந்த சொல்லை அவர்கள் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் சொல்லைத் தானே எடுத்துக்கொள்வது வேறு, வாயில் திணிக்கப்படுவது வேறு. காவிரிக்கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் முன்பணக் கடனில் கட்டுண்டு கிடக்கிறார்கள். நம் மக்களும் பிற சாதி ஏழைகளும் அங்கே ஒரே தறிச் சத்தத்தில்தான் இருக்கிறோம். அங்கே 'கிட்னி' என்பது உடல் உறுப்பின் பேராக மட்டும் இல்லை, கடனை அடைக்கும் வழியின் பேராகவும் இருக்கிறது. டோனர், மேட்சிங், கமிட்டி என்ற சொற்களும் கூடவே வந்தன. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, நெருங்கிய உறவினர் அல்லாதவர் சிறுநீரகம் கொடுக்க வேண்டுமானால், நோயாளி மீதுள்ள அன்பினாலோ பற்றினாலோ வேறு சிறப்புக் காரணத்தாலோ கொடுக்கிறார் என்று குழு நம்பி அனுமதிக்க வேண்டும். பணம் வாங்குவது குற்றம். அறுவையின் விளைவுகளையும் ஆபத்துகளையும் மருத்துவர் கொடுப்பவருக்கு விளக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விற்க வந்தவர் கடன் என்ற உண்மைச் சொல்லைக் குழுவின் முன் சொல்ல முடியாது. அன்பு என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அதைத் தரகர் சொல்லிக்கொடுக்கிறார். சட்டம் விளக்கச் சொன்ன ஆபத்துகளை யார், எந்த மொழியில், எவ்வளவு நேரம் விளக்கினார்கள்? 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விற்பனை மறுபடியும் வெளியே வந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. அந்தக் கோப்புகளில் இந்தக் கேள்விக்கும் பதில் தேட வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு செய்தி. சென்ற ஆண்டு நம் மன்றத்தின் மாலை வகுப்பில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பத்தி போட்டு ஒரு நோட்டு எழுதத் தொடங்கினார்கள்: ஒரு பக்கம் மருத்துவமனை ஆங்கிலம், மறுபக்கம் பாடநூல் தமிழ். வகுப்புக்குத் துணையாக வந்து உட்காரும் பெண்கள் இரண்டுமே புரியவில்லை என்றார்கள். பிறகுதான் மூன்றாவது பத்தி போட்டோம், அவர்கள் சொல்வதை எழுத. பனிக்குடம், நஞ்சுக்கொடி போன்ற சொற்கள் வந்தபோது மட்டும் அவர்கள் சிரித்தார்கள். "இது எங்க பேச்சுதான், இதை எங்களுக்கே படிச்சுக்காட்டுறயா" என்று கேட்டார்கள். நோட்டு நூறு பக்கம் தாண்டிவிட்டது. யாரும் வாங்கிப் பார்க்கலாம், சேர்க்கலாம்.

அதில் ஒரு பக்கத்தில் 'கன்சென்ட்' என்று இருக்கிறது. பாடநூல் தமிழில் 'ஒப்புதல்'. மூன்றாவது பத்திக்கு என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டபோது, கர்ப்பப்பை அறுவை முடிந்து வந்திருந்த அக்கா ஒருவர் யோசிக்காமல் சொன்னார்: "கைநாட்டு." அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.