சீனாவின் புதிய போர் விமானங்கள்: முதல் பறப்பிலிருந்து படையணி வரை

2022ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி அபுதாபியின் முசஃபா பகுதியில் நடத்தப்பட்ட தாக்குதலில் மூவர் கொல்லப்பட்டனர். இருவர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர். யேமனின் ஹூத்தி இயக்கம் அதற்குப் பொறுப்பேற்றது. அடுத்த மாதமே அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானங்கள் அல் தஃப்ரா தளத்தில் வந்திறங்கின. அதே பிப்ரவரி மாதத்தில்தான் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் மற்றொரு அறிவிப்பையும் வெளியிட்டது. சீனாவிடமிருந்து 12 எல்-15 பயிற்சி மற்றும் இலகுரகத் தாக்குதல் விமானங்களை வாங்கப்போவதாகவும், பின்னர் மேலும் 36 விமானங்களை வாங்க இடமிருப்பதாகவும் அது கூறியது.

இதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, 2021 டிசம்பரில், எஃப்-35 விமானங்கள் குறித்து அமெரிக்காவுடன் நடத்திவந்த பேச்சுவார்த்தையை எமிரேட்ஸ் இடைநிறுத்தியிருந்தது. சீன நிறுவனமான ஹுவாவேயின் தொலைத்தொடர்புக் கருவிகள் எமிரேட்ஸில் பயன்படுத்தப்படுவது அமெரிக்காவின் கவலைகளில் ஒன்றாக இருந்தது. அதே டிசம்பரில் 80 ரஃபால் விமானங்களுக்கான ஒப்பந்தம் பிரான்ஸுடன் கையெழுத்தானது.

தமிழர்கள் பலருக்கும் பழக்கமான ஷார்ஜாவின் ரோலா பகுதிக்கு அருகே, பிரிட்டிஷ் விமானங்களுக்காக 1932இல் திறக்கப்பட்ட நிலையம் ஒன்று இருந்தது. 1977இல் அது மூடப்பட்டது. அதன் ஓடுபாதை இன்று மன்னர் அப்துல் அஸீஸ் சாலை. நிலையக் கட்டடம் அருங்காட்சியகம். வளைகுடாவின் வான்காவலுக்கு ஒரே ஒரு வல்லரசை நாடிய காலத்தின் மிச்சம் அது. இப்போது இந்நாடுகள் பல கடைகளில் விலை கேட்கின்றன. ஆனால் சீனக் கடையில் இன்று விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதையும் நாளை வரக்கூடியதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்-15 பயிற்சி விமானம்தான். ராடாரில் எளிதில் சிக்காத ஜே-20, ஜே-35 போன்ற விமானங்களும், அவற்றுக்கும் அடுத்த தலைமுறையும் எவ்வளவு விரைவில் பயன்பாட்டுக்கு வரும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு முன்னர் அளிக்கப்பட்ட இரண்டு விடைகளை ஒப்பிடுவது பயனுள்ளது. 2009 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், 2020ஆம் ஆண்டில் சீனாவிடம் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானம் ஒன்றுகூட இருக்காது என்ற கணிப்பை முன்வைத்தார். எஃப்-22 உற்பத்தியை நிறுத்துவதற்கு அவர் காட்டிய நியாயங்களில் அதுவும் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் சீன விமானப்படையின் துணைத் தளபதி ஹே வெய்ரோங், புதிய விமானம் விரைவில் பறக்கும் என்றும், எட்டு முதல் பத்து ஆண்டுகளில் படையில் சேரும் என்றும் தொலைக்காட்சியில் தெரிவித்தார்.

2011 ஜனவரி 11 அன்று, கேட்ஸ் பெய்ஜிங்கில் இருந்த நேரத்திலேயே, செங்டு நகரில் ஜே-20 முதல்முறை பறந்தது. 2017இல் அது சேவையில் சேர்ந்துவிட்டதாகச் சீனா அறிவித்தது. 2018 பிப்ரவரியில் போர்ப் படையணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதாவது, சீனத் தளபதியின் கணக்கு ஏறத்தாழ அப்படியே பலித்தது. எஃப்-22 உற்பத்தி 187 விமானங்களோடு நின்றது. ஜே-20 அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதாக மேற்கத்திய மதிப்பீடுகள் கூறுகின்றன.

ஆயினும் இந்த வேகத்தில் ஒரு பகுதி தோற்றமே. சீனா தனது திட்டங்களின் முதல் பாதியைத் திரைமறைவில் வைத்துக்கொள்கிறது. உலகம் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவது முதல் பறப்பிலிருந்துதான். ஜே-20க்கு இட்டுச்சென்ற ஆய்வுகள் 1990களின் பிற்பகுதியில் தொடங்கியவை. அங்கிருந்து எண்ணினால் படையில் சேர ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அமெரிக்காவின் எஃப்-22க்கு 1981இல் எழுந்த தேவையிலிருந்து 2005 டிசம்பர் வரை 24 ஆண்டுகள். இடைவெளி உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு அல்ல.

உண்மையான வேறுபாடு முதல் பறப்புக்குப் பிந்தைய காலத்தில் இருக்கிறது. குறை தீர்ந்த பின்னரே படைக்கு அனுப்புவது என்று சீனா காத்திருக்கவில்லை. ஜே-20க்கென வடிவமைக்கப்பட்ட டபிள்யூஎஸ்-15 இயந்திரம் ஆயத்தமாகாத நிலையில், ரஷ்யாவின் ஏஎல்-31 இயந்திரங்களோடு விமானத்தைப் பறக்கவிட்டது. பின்னர் உள்நாட்டு டபிள்யூஎஸ்-10 வகைக்கு மாறியது. டபிள்யூஎஸ்-15 பொருத்திய ஜே-20 பறந்ததாக 2023இல்தான் செய்திகள் வந்தன, முதல் பறப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் விமானிகள் பயின்றார்கள், தொழிற்சாலை பழகியது, விமானத்தின் உடலமைப்பும் திருத்தப்பட்டது. விமானத்தின் உடலை ஆறு ஆண்டுகளில் முதிரச் செய்யலாம். ஜெட் இயந்திரத்தின் டர்பைன் தகடுகள், அவை உருகும் வெப்பத்தையே மிஞ்சும் வாயுவில் ஆயிரக்கணக்கான மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த உலோகவியலை ஆணை பிறப்பித்து விரைவுபடுத்த இயலாது.

எல்லாச் சீனத் திட்டங்களும் இதே வேகத்தில் ஓடவில்லை. ஷென்யாங் நிறுவனத்தின் எஃப்சி-31, 2012 அக்டோபர் 31 அன்று பறந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களை எதிர்பார்த்து அது நெடுங்காலம் காட்சிப்பொருளாகவே இருந்தது. கடற்படை அதை விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஏற்றதாகக் கருதிய பின்னரே நிலைமை மாறியது. கடற்படை வடிவமான ஜே-35 2021இல் பறந்தது. விமானப்படைக்கான ஜே-35ஏ 2024 நவம்பரில் ஜுஹாய் கண்காட்சியில் வெளிவந்தது. ஃபூஜியான் கப்பலில் இருந்து மின்காந்த உந்துபொறி மூலம் ஜே-35 ஏவப்படும் காட்சிகள் 2025 செப்டம்பரில் வெளியாயின. வாங்குவதற்கு உள்நாட்டுப் படை முன்வந்தால் வேகம், இல்லையேல் தேக்கம்.

தமிழ்நாட்டின் சூலூர் விமானத் தளத்தைத் தாயகமாகக் கொண்ட இந்தியாவின் தேஜஸ் இதற்கு மறுகோடி. 1983இல் அனுமதி பெற்ற திட்டம் அது. முதல் பறப்பு 2001 ஜனவரி 4. முதல் படையணி 2016 ஜூலை. அந்த அணி சூலூருக்கு வந்தது 2018இல். முதல் பறப்பிலிருந்து படையணிக்கு, ஜே-20க்கு ஆறு ஆண்டுகள், தேஜஸுக்குப் பதினைந்து. மேம்படுத்தப்பட்ட மார்க்-1ஏ ரகத்தில் 83 விமானங்களுக்கு 2021இல் ஒப்பந்தமாகியும், 2024 மார்ச்சில் கிடைக்க வேண்டிய முதல் விமானம் 2025 முடியும்வரை ஒப்படைக்கப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து எஃப்-404 இயந்திரங்கள் வந்துசேர ஏற்பட்ட தாமதம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கும் முட்டுக்கட்டை இயந்திரமே. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் ஒன்று சாகசப் பறப்பின்போது விழுந்து நொறுங்கி விமானி உயிரிழந்ததை, வளைகுடாத் தமிழர் பலர் நேரிலும் கைபேசியிலும் கண்டார்கள். ஒரு விபத்தை வைத்து ஒரு விமானத்தை எடைபோடக் கூடாது. ஆனால் இந்தியாவின் தடுமாற்றங்கள் நாடாளுமன்றத்திலும் தணிக்கை அறிக்கைகளிலும் பகிரங்கமாகின்றன. சீனாவின் தடுமாற்றங்களுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. ஒப்பிடுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2024 டிசம்பர் 26 அன்று வாலில்லாத இரு புதிய விமானங்கள் ஒரே நாளில் சீன வானில் தென்பட்டன. வெளியுலகம் ஜே-36 என்று குறிப்பிடும் செங்டு விமானத்துக்கு மூன்று இயந்திரங்கள். மற்றது ஷென்யாங்கின் படைப்பு. 2025 அக்டோபரில் ஜே-36இன் இரண்டாவது முன்மாதிரி, மாற்றியமைக்கப்பட்ட புகைபோக்கிகளோடு காணப்பட்டது. ஜே-20இன் ஆறாண்டுக் கணக்கு இதற்கும் பொருந்துமானால் 2030களின் தொடக்கத்தில் முதல் படையணி அமையலாம். மூன்று இயந்திரங்களைத் தேர்ந்ததே, போதிய வலுவுள்ள இரண்டு இன்னும் கைவசம் இல்லை என்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும். அமெரிக்காவின் எஃப்-47, 2028இல் பறக்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டுள்ளது. பிரிட்டன், ஜப்பான், இத்தாலி கூட்டுத் திட்டத்தின் இலக்கு 2035.

வளைகுடா அரசுகளைப் பொறுத்தவரை, விமானம் ஆயத்தமாவது ஒன்று, தமக்குக் கிடைப்பது வேறொன்று. சீனா ஜே-20ஐ எவருக்கும் விற்கவில்லை. விற்பனைக்கென்று முன்வைக்கப்படுவது ஜே-35ஏ. ஏற்கெனவே உற்பத்தியில் உள்ள விமானமென்றால் சீனா எவ்வளவு விரைவாக வழங்கும் என்பதைப் பாகிஸ்தான் காட்டியது. அதன் ஜே-10சி விமானங்கள் 2022 மார்ச்சில் படையில் சேர்ந்தன, பேச்சு வெளியே கசிந்த சில மாதங்களிலேயே. ஆனால் எமிரேட்ஸின் எஃப்-16 விமானங்களும் வான்காப்பு ஏவுகணைகளும் அமெரிக்கத் தகவல் வலையமைப்போடு பிணைந்தவை. அந்த வலைக்குள் சீன விமானத்தைக் கொண்டுவர வாஷிங்டன் உடன்படாது. 2023இல் ஷின்ஜியாங்கில் சீனாவோடு முதல் கூட்டு விமானப் பயிற்சியை நடத்திய எமிரேட்ஸ், அல் தஃப்ராவில் அமெரிக்கப் படையினருக்கு இடமளிப்பதை அதற்காகக் கைவிடவில்லை. 2021இல் அது கேட்ட 80 ரஃபால்களில் கடைசி விமானம் ஒப்பந்தப்படி வந்துசேர வேண்டிய ஆண்டு 2031.