காசில்லாத தோட்டமும் கொஞ்சம் ரப்பர் பாலும்

சிங்கப்பூர்ல குடும்பத்தோட வெளிய கிளம்பினா பர்ஸ் காலின்னு ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மைதான். சென்டோசா, மிருகக்காட்சிசாலைன்னு போனா, நாலு பேருக்கு டிக்கெட் எடுக்கறப்பவே மனசு எல்லாத்தையும் ரூபாயில பெருக்கிப் பாக்க ஆரம்பிச்சுடும். ஆனா அஞ்சு பைசா செலவில்லாம ஒரு முழு நாளை ஓட்ட ஒரு இடம் இருக்கு. பொட்டானிக் கார்டன்ஸ். விடிகாலை 5 மணிலேருந்து நடுராத்திரி வரைக்கும் திறந்திருக்கும். உள்ள இருக்கற ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். புளிசாதம் கட்டிக்கிட்டுப் போய் புல்தரையில போர்வைய விரிச்சுட்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.

நம்மாளுங்க அங்க போனா அன்னப்பறவை ஏரி முன்னாடி ஒரு போட்டோ, 5 வெள்ளி நோட்டுல இருக்கற டெம்பூசு மரத்துக்கிட்ட ஒரு போட்டோ, அவ்ளோதான். தப்பில்ல. ஆனா அந்தத் தோட்டத்துக்கும் தமிழனுக்கும் நடுவுல ஒரு பழைய கணக்கு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1822ல ராஃபிள்ஸ் ஒரு தாவரத் தோட்டம் ஆரம்பிச்சார். அது இப்ப ஃபோர்ட் கேனிங்னு சொல்ற மலையில. ஜாதிக்காய், கிராம்பு விளைவிச்சுக் காசு பாக்கற திட்டம். 1829ல இழுத்து மூடிட்டாங்க. இப்ப இருக்கற தோட்டம் 1859ல ஒரு விவசாய-தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பிச்சது. லாரன்ஸ் நிவென்ங்கிறவர்தான் பாதை, புல்வெளி எல்லாம் போட்டவர். சங்கம் கடன்ல மாட்டிக்கிட்டதால 1874ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. வெள்ளைக்கார துரைமார் உலாத்தற பூங்கா, ஆராய்ச்சித் தோட்டமா மாறினது அதுக்கப்புறம்தான்.

மேட்டருக்கு வருவோம். 1876ல ஹென்றி விக்கம் பிரேசில்லேருந்து 70,000 ரப்பர் விதைய லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 3,000 கூட முளைக்கல. அந்த வம்சத்துல 22 கன்னு 1877ல சிங்கப்பூர் வந்துச்சு. பாதியை இந்தத் தோட்டத்துல நட்டாங்க, மிச்சத்துல பெரும்பகுதி பேராக்ல இருக்கற கோலகங்சாருக்குப் போச்சு. மரம் வளந்துச்சு. ஆனா யாருக்கும் அக்கறையில்ல, ஏன்னா மலாயா தோட்டக்காரங்களுக்கு அப்ப காப்பி பைத்தியம்.

1888ல வந்தார் ஹென்றி ரிட்லி. பாக்கெட்ல ரப்பர் விதைய ரொப்பிக்கிட்டு, எதிர்ப்படற தோட்ட முதலாளி கையிலெல்லாம் திணிப்பாராம். 'பைத்தியக்கார ரிட்லி'ன்னு பேரே வெச்சுட்டாங்க. அவரோட நிஜமான சாதனை அது இல்ல. அதுவரைக்கும் பால் எடுக்கறதுன்னா கோடாலியால மரத்தை வெட்டறதுதான். மரம் நொந்து போயிடும், சில சமயம் செத்தும் போகும். ரிட்லி 1890கள்ல இதே தோட்டத்து மரங்கள்ல வெட்டிப் பாத்து ஒரு முறையக் கண்டுபிடிச்சார். பட்டைய மட்டும் சாய்வா, மீன்முள் மாதிரி மெல்லிசாக் கீறணும். அடுத்த தடவை அதே கீறலோட விளிம்பைக் கொஞ்சமா சீவினாப் போதும், பால் திரும்ப வடியும். பட்டை திரும்ப வளரும், ஒரே மரத்துல வருஷக்கணக்கா எடுக்கலாம். நம்ம பாஷையில சொன்னா சிஸ்டத்தை ஷட்டவுன் பண்ணாம டேட்டா எடுக்கற வித்தை :-)

1896ல டான் சே யான் மலாக்காவுல முதல் ரப்பர் தோட்டம் போட்டார். காப்பி விலை விழுந்துச்சு, மோட்டார் கார் வந்துச்சு, டயருக்கு ரப்பர் பத்தல. மலாயா முழுக்கக் காட்டை அழிச்சு ரப்பர் நட்டாங்க.

ஆனா கீறல் முறையில ஒரு விஷயம் இருக்கு. அதை மெஷின் செய்யாது. விடியறதுக்குள்ள எழுந்து, பிரட்டுக்கு நின்னு, ஒவ்வொரு மரமா ஒரு கை கீறியாகணும். வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சுடும். அந்தக் கைக்காகத்தான் கங்காணிங்க தஞ்சாவூர், திருச்சி, சேலம்னு ஊர் ஊரா ஆள் பிடிச்சாங்க, நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்தினாங்க. 1931 கணக்கெடுப்புல மலாயாவுல இந்தியர்கள் 6 லட்சத்துக்கும் மேல. அதுல பெரும்பாலானவங்க தமிழருங்க. 'கித்தா காடு'ன்னு இன்னிக்கும் மலேசியத் தமிழர் வாயில வர்ற வார்த்தை அந்தக் காலத்துது.

1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நடந்தது இன்னும் மோசம். பொட்டானிக் கார்டன்ஸ் தப்பிச்சுது. ஜப்பானிய விஞ்ஞானிகளே பொறுப்பெடுத்து, ஹோல்டம், கார்னர்ங்கிற ரெண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகளையும் அங்கயே வேலை பாக்க விட்டாங்க. செடி, புத்தகம், உலர்தாவரச் சேகரிப்பு எல்லாம் பத்திரமா இருந்துச்சு. தோட்டப்புறத் தமிழனுக்கு அந்த அதிர்ஷ்டமில்ல. ஆயிரக்கணக்கா ரயிலேத்தி சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனாங்க. காலராவுலயும் பட்டினியிலயும் செத்தவங்க பேருகூட முழுசா யாரும் எழுதி வெக்கல. ரிட்லியோ 100 வயசு வாழ்ந்து 1956ல காலமானார். மனுஷன்மேல எனக்குக் கோபமெல்லாம் இல்ல, அவர் ஆள் பிடிக்கல, மரத்தைத்தான் படிச்சார். ஆனாலும் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா என்னமோ பண்ணுது.

2015ல யுனெஸ்கோ இந்தத் தோட்டத்தை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சப்ப, ரப்பர் ஆராய்ச்சியும் முக்கியக் காரணமாச் சொல்லப்பட்டுச்சு.

ஊர்லேருந்து அப்பா அம்மா வந்தா கூட்டிட்டுப் போங்க. பசங்களுக்கு ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கு, அதுவும் இலவசம். பெரியவங்களுக்கு ஹோல்டம் ஹால் அருங்காட்சியகம், அங்கயும் காசு கேக்கமாட்டாங்க. தோட்டத்தோட பழைய கதையெல்லாம் அங்க இருக்கு. குடைய மட்டும் மறந்துடாதீங்க, சாயங்காலம் மழை எப்ப வரும்னு சொல்ல முடியாது.