புல் முடிந்த வழி: மலைச் செலவும் உடன்செல்லும் நாயும்

புதிதாக மலையேறப் புறப்படும் ஒருவனுக்கு முதலில் வேண்டுவது யாது? காலின் உரம் என்பர் சிலர். நல்ல கூடாரமும் காலணியும் என்பர் வேறு சிலர். பழந்தமிழ்ப் புலவரைக் கேட்டால், அவ்வழியே முன்னர்ச் சென்று மீண்டவனது சொல்லே முதலில் வேண்டுவது என்பார். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை. பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வறுமையோடு வருபவனுக்கு வழி கூறுவது அதன் அமைப்பு. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் மலைவழியை அடிக்கு அடி எண்ணி, இடர்களையும் அவற்றிலிருந்து தப்பும் முறைகளையும் விரித்துரைப்பது கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த நகரங்களிலும் வளர்ந்த இளைஞர்கள் விடுமுறை நாட்களில் குனோங் ஆங்சிக்கும் குனோங் டத்தோவுக்கும் செல்கின்றனர். காட்டில் ஓர் இரவு தங்க விரும்புவோரும் உளர். வீட்டில் வளர்த்த நாயையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புவோரும் உளர். இவ்விருப்பம் புதியதுபோல் தோன்றினும், இதற்குரிய அறிவு நம் மொழிக்குப் புதியதன்று. அவ்வறிவு வந்த வழியையும், இடையில் அது அறுந்த இடத்தையும் ஆராய்வது பயனுடையது.

மலைபடுகடாம் கூறும் எச்சரிக்கைகள்

இப்பாட்டைப் பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்துவேள் நன்னன்சேய் நன்னன். 583 அடிகளால் அமைந்த இப்பாட்டு, பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பது. 1889ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு வெளியிட்ட பின்னரே இது தமிழ் கற்பார் கைக்குப் பரவலாகக் கிடைத்தது.

இதனை நயம் பாராட்டிப் படிப்போர் பலர். வழிநூலாகப் படிப்போர் சிலரே. வழிநூலாகப் படிப்பின் அதன் நுட்பம் வியப்பூட்டும். பன்றி வரும் புழைகளில் தினைப்புனத்தார் கற்பொறிகளை மாட்டியிருப்பர். ஆதலின் இருளில் நடவாமல், தங்கி விடிந்தபின் செல்லுங்கள் என்கிறார் புலவர். பரல் நிறைந்த குழிகளில் பாம்புகள் மறைந்து கிடக்கும். குறிப்பறிந்து விலகுங்கள் என்கிறார். யானையை ஓட்டப் பரண்மேலிருந்து எறியும் கவண்கல் குறி தவறி வரக்கூடும். மரங்களின் பின்னே ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறார். பாசி படிந்து கால் வழுக்கும் நீர்நிலையின் கரையில் மூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறார். வழியின் குறுக்கே கிடக்கும் மரம், மரமன்று. மலைப்பாம்பாகவும் இருக்கலாம் என்கிறார்.

பொழுது சாய்ந்தபின் செய்யவேண்டியது யாது? நடையைத் தொடராமல், தம் இல்லத்துள் புகுவதுபோல் கற்குகையில் புகுந்து தங்கி, விடியலில் எழுந்து செல்லவேண்டும். குறவரும் மயங்கும் காட்டில் வழி தவறினால்? அங்குமிங்கும் ஓடாமல், அகன்ற பாறை ஒன்றில் எல்லாரும் ஒருங்கு கூடி, இசைக்கருவிகளை முழக்கவேண்டும். ஒலி கேட்ட கானவர் வந்து, உணவளித்து, வழியும் காட்டுவர். வழி தவறினால் நின்ற இடத்திலேயே கூடி நின்று ஒலி எழுப்புங்கள் என்றே இன்றைய மீட்புப் பணியாளரும் கற்பிக்கின்றனர். கருவி மட்டும் மாறிற்று. யாழும் முழவும் இருந்த இடத்தில் இன்று ஊதல் இருக்கிறது.

தமிழ் மரபில் நாய்

இனி, உடன்செல்லும் நாயைக் காண்போம். நாயின் குட்டியைக் குருளை என்று வழங்குதல் மரபு எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். ஞமலி என்பது பூழிநாட்டார் நாய்க்கு இட்ட பெயர் என இலக்கண உரையாசிரியர் காட்டுவர். ஞாளி என்ற பெயரும் சங்கச் செய்யுட்களில் பயில்வது. பெயர் பலவாதல் பழக்கத்தின் நெருக்கத்தைக் காட்டும். மலைபடுகடாமிலேயே, மலைச் சிற்றூரார் விருந்தினர்க்கு இடும் உணவில் பெண்நாய் விரட்டிப் பிடித்த ஊனும் சேர்கிறது. குறிஞ்சி நிலத்து நாய் வேட்டையில் துணையாக நின்றது. வீட்டின் உணவையும் ஈட்டித் தந்தது.

மலைச் செலவில் நாயைப் பற்றி யாவரும் அறிந்த கதை மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் உள்ளது. பாண்டவர் இமயத்தை நோக்கி நடக்கையில் ஒரு நாய் பின்தொடர்கிறது. திரௌபதியும் தம்பியர் நால்வரும் வழியில் வீழ்ந்தனர். நாய் மட்டும் தருமனோடு நின்றது. தேரில் ஏற இந்திரன் அழைத்தபோது, தன்னை நம்பி வந்த நாயை விட்டு ஏறமாட்டேன் என்றான் தருமன். இதனை அன்பின் கதையாக மட்டும் கொள்ளுதல் போதாது. இது பொறுப்பின் கதையுமாகும். மலைக்கு வரலாமா என்று நாயை எவரும் கேட்பதில்லை. அழைத்துச் செல்பவனே அதற்காகவும் முடிவு செய்கிறான். ஆதலின் அதற்கு வரும் இடரும் அவனையே சாரும்.

வாலேசின் ஒரு வாரம்

நெகிரி செம்பிலானுக்கு அண்மையில், ஜொகூர், மலாக்கா எல்லையில் நிற்பது 1276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங். ஆங்கிலேயர் இதனை ஓபிர் மலை என்றனர். இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரஸல் வாலேஸ் 1854ஆம் ஆண்டில் மலாக்காவில் தங்கியிருந்தபோது இம்மலை ஏறினார். 1869இல் வெளிவந்த தமது மலாய்த் தீவுக்கூட்ட நூலில் அச்செலவை விவரித்துள்ளார். ஒரு வாரமேனும் தங்கக் கருதி அரிசி, சிறிது பிஸ்கட், வெண்ணெய், காப்பி, கருவாடு, போர்வை, மாற்றுடை ஆகியவற்றைக் கொண்டு சென்றார். சுமை தூக்கவும் துணைக்கும் மலாய்க்காரர் அறுவர் உடன் சென்றனர்.

இத்தனை ஏற்பாட்டிலும் ஒரு குறை நேர்ந்தது. மேலே பாடாங் பத்து என்னும் பாறை வெளியில் நீர் கிடைக்கும் என்று சொல்லப்பட்டிருந்தது. சென்று தேடியபோது கிடைக்கவில்லை. தாகத்தால் வருந்தியவர்கள் குடுவைச் செடிகளின் குடுவைகளில் தேங்கிய, பூச்சிகள் விழுந்து கிடந்த நீரைப் பருகித் தாகம் தீர்த்தனர். கேள்விப்பட்ட நீரை நம்பிச் செல்லலாகாது என்பது இதன் படிப்பினை. மலையடிவாரத்தில் அவர்கள் தங்கியவை மழையை மட்டும் தடுக்கும், சுவரில்லாத சிறு குடில்கள். விலங்குகள் வரக்கூடும் என்று இரவு முழுதும் தீ வளர்த்தனர். வழியோர இலைகளில் காத்திருந்து ஒட்டிக்கொள்ளும் அட்டைகளைப் பற்றியும் வாலேஸ் எழுதுகிறார். மலாயாவில் மலையேறிய எவரும் அவற்றை மறப்பதில்லை.

தோட்டமும் மலையும்

வாலேஸ் சென்ற காலத்தில் இப்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் இல்லை. அவை பின்னர் வந்தன; அவற்றோடு தமிழர் வந்தனர். விடியுமுன் பிரட்டில் நின்று பெயர் கொடுத்து, சரிவுகளில் நிரை நிரையாக மரம் வெட்டி, பால் சுமந்து இறங்கியவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும் அன்றாட நடையே. லயத்து நாய்கள் அவர்களோடு காட்டோரம் வரை சென்றன. பன்றி வேட்டைக்கும் உதவின. கடைசி நிரைக்கு அப்பாலுள்ள காட்டை அறிந்தவர்கள் தெமுவான் மக்களும் அண்டைக் கம்பத்து மலாய்க்காரர்களும். அவர்களோடு பழகிய தோட்டத்தார் சிலரும் அதனைக் கற்றனர்.

அந்தத் தொடர்பைத் தளர்த்திய காலம் ஒன்று உண்டு. 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில் காட்டோரம் ஐயத்திற்குரிய இடமாயிற்று. லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. காட்டிலுள்ளோர்க்கு உணவு சேராதிருக்க, வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். பல இடங்களில் வேலையிடத்திற்குச் சோறு கொண்டு செல்லவும் தடை இருந்தது. படையினர் சரவாக்கிலிருந்து வந்த ஈபான் வழியறிவாளரையும் மோப்ப நாய்களையும் கொண்டு காட்டில் தடம் தேடினர். காட்டறிவும் நாயின் மூக்கும் போர்க்கருவிகளாயின. தோட்டத்துப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொன்னது ஒன்றே: காட்டுப் பக்கம் போகாதே. அச்சொல் அன்று உயிர் காத்தது. ஆயினும் ஒரு தலைமுறை அச்சத்தை மட்டும் பெற்று, அறிவைப் பெறாமல் வளர்ந்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு இடமாகியும் போக, மக்கள் நகரங்களை அடைந்தனர். அவர்தம் பிள்ளைகள் இன்று மலைக்கு மீள்வது விருந்தினராகவே.

இன்று புறப்படுவோர்க்கு

ஆகவே, பழைய முறையிலேயே தொடங்குதல் நன்று. முதலில் அறிந்தவரைக் கேட்டல். காப்புக் காடுகளில் நுழையவும் தங்கவும் மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். தீ மூட்டலாமா, நாய் வரலாமா என்பவற்றையும் அங்கேயே கேட்டறியவேண்டும். நாய்க்கு இடமில்லை என்றால் அதனை வீட்டில் விடுவதே அன்பு. இரண்டாவது, சிறியதில் தொடங்குதல். சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் இடையே, உலு பெண்டூல் பக்கமாக ஏறும் ஆங்சி மலை 825 மீட்டர் உயரமே; எனினும் முதல் நாளிலேயே அங்கு இராத்தங்குதல் தகாது. பகலில் சென்று மீண்டு, நீர் எங்கே, வழி எங்கே பிரிகிறது என்று கண்டபின்னரே இரவைப் பற்றி எண்ணவேண்டும். ஓடையின் விளிம்பில் கூடாரம் அடித்தல் ஆகாது. மேலே பெய்த மழை கீழே சொல்லாமல் வரும்.

நாய்க்கு மனிதனைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. நம் நாட்டின் ஈர வெப்பத்தில் அது விரைவில் தளரும். ஆதலின் அதற்குரிய நீரைத் தனியே சுமக்கவேண்டும். நடையைச் சில வாரங்கள் சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும். அட்டை அதன் மூக்கினுள்ளும் புகும். எலிக்காய்ச்சலுக்குரிய தடுப்பூசியைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் முன்பே கேட்கவேண்டும். பன்றியைக் கண்டால் நாய் பாயும். பன்றியின் கோரை அதன் வயிற்றைக் கிழிக்கும். எனவே கயிற்றை அவிழ்த்தல் கூடாது. ரெம்பாவை அடுத்த குனோங் டத்தோவின் உச்சி பெரும்பாறைகளால் ஆனது, அங்கே ஏணியேறவேண்டும். நாய் ஏணியேறாது. உச்சியைக் காணாமல் திரும்பும் மனம் உள்ளவனே நாயோடு செல்லத் தக்கவன். மேலும், மலையடிவாரக் கம்பங்களில் வாழ்வோர் முஸ்லிம்கள். நாயின் ஈரம் படின் அவர்கள் சமய முறைப்படி தூய்மை செய்தல் வேண்டும். அவர்களது வாசலையும் கிணற்றையும் விலகி, நாயைப் பக்கத்திலேயே பிடித்து நடத்தல் பண்பு. மலையின் தெய்வத்தையும் மக்களையும் மதித்துச் செல்லுமாறு பெருங்கௌசிகனார் கூறியதும் இத்தகையதே.

அப்புலவர் கூறிய இன்னொன்று உண்டு. வழி கிளைக்கும் இடத்தை அடைந்தால், அவ்விடத்தைத் துடைத்துத் தூய்மையாக்கி, பின்னே வரும் புதியவர் அறியுமாறு புல்லை முடிந்து இட்டுச் செல்லுங்கள் என்கிறார். பசித்து, பரிசில் நாடி விரையும் கூத்தரிடம் இதனைக் கேட்கிறார். தாம் அறியாத மலையிலும், தமக்குப் பின் வருவோரை அவர்கள் நினைக்கவேண்டும் என்பது அவர் கருத்து. நம் தோட்டங்களில் காட்டையும் நாயையும் அறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்களிடம் கேட்டறிந்து இளையோர்க்குச் சொல்பவர் எவரோ, அவரே இன்று புல் முடிபவர்.