எழுதப்படாத விபத்துகள்

நான் தலைமை ஆசிரியனாக இருந்த ஒரு பள்ளியின் வாயிலை ஒட்டிச் சாலை வளைந்து செல்லும். அவ்வளைவில் அடர்ந்த புளியமரம் ஒன்று நின்றது. மாலை மணி அடித்துப் பிள்ளைகள் வெளிவரும் வேளையில், பஸ் ஒன்று திடீரெனப் பிரேக் போட்டு நிற்கும் ஓசை என் அறை வரையில் கேட்கும். யாருக்கும் காயம் இராது. ஓட்டுநர் இரண்டு வார்த்தை வைதுவிட்டுப் போய்விடுவார்; நானும் மீண்டும் கோப்புகளில் ஆழ்ந்துவிடுவேன். அந்த ஓசையை எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதி வைத்ததில்லை. ஒருநாள் மாணவன் ஒருவனின் கால் முறிந்தது. அதன் பிறகே போலீஸார் வந்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள். எச்சரிக்கைப் பலகையும் வந்து சேர்ந்தது.

மாணவச் செல்வங்களே, உலகெங்கும் சாலைகளின் வரலாறு நெடுங்காலம் இவ்வாறே எழுதப்பட்டு வந்தது. ஓரிடம் ஆபத்தானது என்பதை, அங்கே ஒருவர் வீழ்ந்த பின்னரே அரசாங்கங்கள் அறிந்தன. மயிரிழையில் தப்பிய விபத்துகளுக்குக் கணக்கே இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பணியாற்றிய ஹைன்ரிச் என்ற அமெரிக்கர், தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்து 1931-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பெருங்காயம் ஒன்றுக்குச் சிறு காயங்கள் 29-உம், காயமே விளைவிக்காத நிகழ்ச்சிகள் 300-உம் உண்டு என்பது அவர் கூற்று. அவ்விகிதத்தைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் காயம் விளைவிக்காதவற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற கருத்து நிலைத்துவிட்டது. தொழிற்சாலையிலே மேஸ்திரி நின்று எண்ணலாம். நாற்புறமும் ஓடும் சாலையில் எண்ணுபவர் யார்?

இவ்வினாவுக்கு விடை காண ஜப்பான் நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. அந்நாட்டுக்கு அதன் தேவையும் மிகுதியாக இருந்தது. போருக்குப் பின் அங்கே மோட்டார் வண்டிகள் பெருகின. 1970-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 16,765 பேர் மாண்டனர். விபத்து நேர்ந்து 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் மட்டுமே இக்கணக்கில் அடங்குவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மக்கள் இதனைப் ‘போக்குவரத்துப் போர்’ என்றே அழைத்தனர். அவ்வாண்டே சட்டம் பிறந்தது; நடைபாதைகளும் விளக்குகளும் தடுப்புக் கம்பிகளும் எழுந்தன. 1979-இல் சாவு 8,466 ஆகக் குறைந்தது. அத்துடன் கதை முடியவில்லை; எண்ணிக்கை மீண்டும் ஏறி, 1992-இல் 11,451 ஆயிற்று. பின்னர் அது இறங்கத் தொடங்கிய காலத்தில்தான் கார்களே பேசத் தொடங்கின.

2003-ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம், தன் கார்களில் பொருத்திய வழிகாட்டிக் கருவிகள் தாம் ஓடிய இடத்தையும் வேகத்தையும் திருப்பி அனுப்பும் முறையை ஏற்படுத்தியது. நோக்கம் உயிர்காப்பு அன்று. நெரிசலான சாலை எது எனக் கண்டு மாற்று வழி சொல்வதே. ஆனால் வேகம் தெரிந்தால், அது சட்டென்று வீழ்ந்த இடமும் தெரியும் அல்லவா? டோக்கியோவுக்கு வடக்கே உள்ள சைதாமா மாகாண அரசாங்கம் 2007-இல் ஹோண்டாவுடன் உடன்பாடு செய்துகொண்டு, திடீர்ப் பிரேக் விழுந்த இடங்களைத் தேசப்படத்தில் புள்ளிகளாகக் குறித்தது. ஒரு கார் ஓரிடத்தில் சட்டென நின்றால் அதற்குப் பொருள் ஒன்றுமில்லை. குறுக்கே நாய் ஓடியிருக்கலாம். வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு மனிதர்கள் ஓட்டிய கார்கள் அதே இடத்தில் நின்றால், குற்றம் ஓட்டியவரிடம் இல்லை, சாலையில் இருக்கிறது.

அதிகாரிகள் அவ்விடங்களுக்குச் சென்று பார்த்தனர். பார்வையை மறைத்த மரக்கிளைகளை வெட்டினர். வேகத்தைக் குறைக்கும்படி தரையிலே குறிகள் தீட்டினர். பெரும் பொருட்செலவு இல்லை. நான்கைந்து ஆண்டுகளில் இவ்வாறு 160 இடங்கள் செப்பனிடப்பட்டன. அங்கெல்லாம் திடீர்ப் பிரேக் ஏறத்தாழ 70 சதவீதமும், காயம் விளைவிக்கும் விபத்துகள் ஏறத்தாழ 20 சதவீதமும் குறைந்தன. மரக்கிளை என்று படித்த இடத்தில் நான் சற்று நிறுத்திவிட்டேன். என் பள்ளிப் புளியமரத்துக்கு ஓர் அரிவாளே போதுமானதாக இருந்திருக்கும்.

அதே செய்திகள் வேறொரு நாளிலும் உதவின. 2011 மார்ச் 11-ஆம் தேதி பூகம்பமும் கடல்கோளும் வடகிழக்கு ஜப்பானைச் சிதைத்தபோது, எந்தச் சாலை பிழைத்தது என்பது யாருக்கும் தெரியாதிருந்தது. கார்கள் ஓடியிருந்தால் அச்சாலை பிழைத்திருக்கிறது என்பது பொருள். மறுநாளே அத்தகைய தேசப்படம் வெளியாயிற்று.

இம்முறையை நான் குறையற்றது என்று கூறமாட்டேன். நாம் போகும் இடமெல்லாம் ஓர் இயந்திரம் குறித்துக்கொள்வது எனக்கு உவப்பானதன்று. சாலைப் பொறியாளருக்கு வேண்டியது பிரேக் விழுந்த இடமேயன்றி, ஓட்டியவரின் பெயர் அன்று. பெயரை நீக்கிக் கொடுப்பதே முறை. மற்றொரு குறையும் உண்டு. கருவி பூண்ட கார் பேசும். சைக்கிளில் செல்லும் சிறுவனும், தலையில் கூடை சுமந்து நடப்பவளும் பேசமாட்டார்கள். அவர்கள் மிகுந்த சாலைகளில் இத்தேசப்படம் பாதிதான் உண்மை.

நம் நாட்டில் 2021 முதல், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய மின்னணு விபத்துப் பதிவேடு வழங்கிவருகிறது. அது முதலில் தொடங்கப்பெற்ற ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. போலீஸார் நிகழ்ந்த இடத்திலேயே நின்று, கைப்பேசியில் படமும் விவரமும் பதிகிறார்கள். முன்பு என் பள்ளி வாயிலில் காகிதத்தில் எழுதியதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். ஆனால் அது நேர்ந்துவிட்ட விபத்துகளுக்கான ஏடு. கால் முறிந்த நாள் அதில் ஏறும். அதற்கு முந்தைய மாலைகளில் நான் கேட்ட ஓசை ஏறாது.