தரைக்கு மேல ஒரு நீச்சல் குளம்: கூட வர்ற சாமான்களோட கதை

மே மாசம் வந்தா எங்க களக்காட்டுப் பக்கம் ஓ.பி.யில இருமல் மருந்து கேக்குற மாதிரியே இப்ப இன்னொரு கேள்வியும் கேக்குறாங்க. "டாக்டர், ஆன்லைன்ல பிளாஸ்டிக் நீச்சல் குளம் ஒண்ணு பார்த்தோம். பிள்ளைகளுக்கு வாங்கிப் போடலாமா?"

வாங்கலாம். ஆனா குளத்தை மட்டும் வாங்காதீங்க. கூட விக்கிற ஃபில்டர், குளோரின், ஏணி, மூடி எல்லாம் கடைக்காரன் காசு பார்க்க சேர்த்துவிட்டதுன்னு நினைக்கிறவங்க நிறைய. அதுல பலதும் யாரோ செத்த பிறகு வந்த சாமான். அந்தக் கதைதான் இந்த இழை. நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். தரைக்கு மேல நிக்கிற குளம் நமக்குப் புதுசு இல்ல. வாழைத் தோட்டத்து பம்பு செட்டு தொட்டி வேற என்னவாம்? நாலு பக்கமும் சுவரு, இடுப்பளவு தண்ணி, குழாயிலிருந்து தலையில விழுற அருவி. களக்காட்டுல வளர்ந்த எவனும் அதுல குளிக்காம பெரியவனாகியிருக்க மாட்டான்.

அந்தத் தொட்டிக்கு ஃபில்டரும் கிடையாது, குளோரினும் கிடையாது. ஏன் தேவைப்படலன்னு யோசிச்சிருக்கீங்களா? தண்ணி அங்க நிக்கிறதே இல்ல. கிணத்திலிருந்து வருது, வாய்க்கால்ல இறங்குது, வாழைக்குப் போகுது. நம்ம அழுக்கும் கூடவே போயிடும். தலையணையில குளிக்கிறப்பவும் இதேதான், பச்சையாறு இழுத்துட்டுப் போயிடும்.

பிளாஸ்டிக் குளத்துத் தண்ணி எங்கயும் போகாது. நேத்து குளிச்ச அதே தண்ணியிலதான் இன்னைக்கும் குளிப்பீங்க. பிரச்சினை மொத்தமும் இங்கதான் ஆரம்பிக்குது.

ஃபில்டர்ல இருந்து வருவோம்.

1892. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். எல்பே ஆத்துத் தண்ணியை வடிகட்டாம அப்படியே குழாயில விட்டாங்க. காலரா வந்தது. சில வாரத்துல 8,000 பேருக்கு மேல செத்தாங்க. ஒட்டியே இருந்த ஊர் அல்டோனா. அதே ஆத்துத் தண்ணிதான். சொல்லப்போனா ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு வர்ற, இன்னும் மோசமான தண்ணி. ஆனா அல்டோனாக்காரங்க மணல் படுகையில வடிகட்டிக் குடிச்சாங்க. அங்க காலரா அந்த அளவுக்குப் பரவல. ரெண்டு ஊருக்கும் எல்லையா இருந்த தெருவுல ஒரு பக்கத்து வீடுகள்ல நோய், எதிர்ப்பக்கம் இல்ல. ராபர்ட் காக் நேர்ல போய்ப் பார்த்து எழுதினார். தண்ணியை வடிகட்டணுமா வேண்டாமாங்கிற சண்டை அதோட ஓய்ஞ்சுபோச்சு.

உங்க குளத்துக்கு வர்ற சின்ன பம்பும் அதுக்குள்ள இருக்கிற மடிப்பு மடிப்பான காகித உருளையும் அந்த மணல் படுகையோட பேரப்பிள்ளைகள். மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும்னு பெட்டியில போட்டிருக்கும், அதைப் பாருங்க. 4,000 லிட்டர் குளத்துக்கு மணிக்கு 1,000 லிட்டர்னா, ஒரு சுத்துக்கு 4 மணி நேரம் ஓடணும். அரை மணி நேரம் ஓட்டிட்டு கரண்டு பில்லுக்குப் பயந்து நிறுத்துறதுல பிரயோஜனம் இல்ல. பம்பை ஆர்.சி.சி.பி. இருக்கிற லைன்ல மட்டும் மாட்டுங்க. ஆள் தண்ணிக்குள்ள இருக்கும்போது ஓட்டவே ஓட்டாதீங்க.

ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கும், கிருமி எல்லாத்தையும் பிடிக்காது. அதுக்குத்தான் குளோரின். 1908-ல அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் போட வச்சவர் ஜான் லீல்னு ஒரு டாக்டர். "விஷத்தைக் கலக்குறான்"னு கோர்ட்டுலயே எதிர்த்தாங்க. ஜெயிச்சது டாக்டர்தான். அடுத்த சில வருஷத்துல பிரவுன் பல்கலைக்கழக நீச்சல் குளத்துல பங்கர் என்கிற ஆராய்ச்சி மாணவர் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தார். கிருமி எண்ணிக்கை மடமடன்னு குறைஞ்சது. நம்ம பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில போடுறாங்களே, அதே பவுடர்தான்.

அப்புறம் ஏன் தரைக்கு மேல குளம் வந்தது? அதுக்குப் பின்னாடி ரெண்டு பயம் இருந்தது.

ஒண்ணு போலியோ. 1940-கள், 50-களில் அமெரிக்காவுல கோடை வந்தாலே பொது நீச்சல் குளங்களை மூடுவாங்க. சால்க் தடுப்பூசி 1955-ல வர்ற வரைக்கும் இதே நிலைமை.

ரெண்டாவது பயத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்ல. பொதுக் குளத்துல கறுப்பர்களும் இறங்கலாம்னு நீதிமன்றங்கள் சொல்ல ஆரம்பிச்சதும், பல ஊர்ல குளத்தையே மூடினாங்க. வசதியுள்ள வெள்ளைக்காரங்க நிறைய பேர் தனியார் கிளப்புக்கும் சொந்தக் கொல்லைக்கும் போனாங்க. 1964 ஜூன்ல ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு ஓட்டல் குளத்துல கறுப்பினப் போராட்டக்காரர்கள் இறங்கினப்ப, மேனேஜர் ஆசிட் கேனைத் தூக்கிட்டு வந்து தண்ணியில ஊத்தினார். போட்டோவே இருக்கு. நமக்கு இது வேற நாட்டுக் கதை மாதிரி தோணாது. 1927-ல மஹாத்துல அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணியைக் கையில அள்ளிக் குடிச்சதுக்கே அடி விழுந்த நாடு இது.

அதே காலத்துல பொருளும் கைக்கு வந்திருந்தது. 1926-ல வால்டோ சீமன், விறைப்பா இருந்த பி.வி.சி.யை மடிக்கிற மாதிரி மெதுவாக்கினார். உலகப்போருக்குப் பிறகு, மாவு மில்லா ஆரம்பிச்ச டோபாய் என்கிற விஸ்கான்சின் கம்பெனி, பிளாஸ்டிக் தாளைச் சூட்டுல ஒட்டுற தொழிலுக்கு வந்து, கொல்லைப்புறக் குளம் வித்தது. இன்னைக்கு இன்டெக்ஸ், பெஸ்ட்வே பெட்டியில நம்ம வீட்டுக்கு வர்றது அந்த வம்சம்தான்.

இப்ப ஒரு டாக்டரா எனக்குத் தூக்கம் கெடுக்கிற கதை.

செக்கோஸ்லோவாக்கியாவுல ஊஸ்டி நாட் லாபெம்னு ஒரு ஊர். 1962-லிருந்து 65-க்குள்ள 16 இளைஞர்கள் மூளைக்காய்ச்சல்ல செத்தாங்க. நல்லா ஓடியாடுற வயசு. தலைவலி, காய்ச்சல், வாந்தி, சில நாள்ல சாவு. என்ன கிருமின்னு அப்ப தெரியல. பின்னாடி பழைய பிரேதப் பரிசோதனை மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தப்பதான் உள்ள அமீபா இருந்தது தெரிஞ்சது. எல்லாருமே ஒரே உள்ளரங்க நீச்சல் குளத்துல நீந்தினவங்க. அதுவும் குளோரின் போட்ட குளம்!

காரணம் ஒரு சுவரு. குளத்தோட நீளத்தைக் குறைக்கக் கட்டின சுவருக்குப் பின்னாடி ஒரு இடைவெளி, அதுல தேங்கின தண்ணி. குளோரின் போய்ச் சேராத அந்த மூலையில அமீபா சொகுசா குடும்பம் நடத்திட்டு, விரிசல் வழியா குளத்துக்கு வந்திருக்கு.

அதுதான் நெக்லேரியா ஃபௌலெரி. 1965-ல இந்த நோயை முதல்ல எழுதின ஆஸ்திரேலிய நோயியல் மருத்துவர் ஃபௌலர் பேர்ல வச்சது. 2024-ல மே முதல் ஜூலைக்குள்ள நம்ம மலைக்கு அந்தப்பக்கம், கேரளாவுல மூணு பிள்ளைகள் இதுல செத்தாங்க. கோழிக்கோட்டுல 14 வயசுப் பையன் ஒருத்தன் பிழைச்சது பெரிய செய்தியாச்சு, ஏன்னா வந்தவங்கள்ல நூத்துக்கு 97 பேர் பிழைக்கிறதில்ல. பதறாதீங்க, ரொம்ப அபூர்வமான நோய். தண்ணியைக் குடிச்சா வராது. மூக்கு வழியா மேல ஏறினாத்தான். ஆனா வெதுவெதுப்பா, பராமரிப்பில்லாம நிக்கிற தண்ணி அதுக்குப் பிடிக்கும். மே மாசத்து களக்காட்டு வெயில்ல உங்க குளம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க.

உங்க குளத்துல "சுவருக்குப் பின்னாடி" எது? அடி விரிப்போட மடிப்பு, ஏணிக்கால், ஃபில்டர் குழாயோட உள்பக்கம். விரல் வச்சுப் பாருங்க, வழுவழுன்னு இருந்தா அங்க குளோரின் வேலை செய்யலன்னு அர்த்தம். அதனால தேய்க்கிற பிரஷ் வாங்காம குளம் வாங்காதீங்க.

அளவு சொல்றேன். தண்ணியில குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். 7.2-லிருந்து 7.8. டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கி தினம் பாருங்க. நல்ல பிளீச்சிங் பவுடர்ல 30 சதவீதம் குளோரின் இருக்கும். 4,000 லிட்டருக்கு 25-30 கிராம். பக்கெட் தண்ணியில கரைச்சு, தெளிஞ்சதை மட்டும், பிள்ளைகள் வெளியேறின பிறகு சாயங்காலம் ஊத்துங்க. பகல்ல ஊத்தினா வெயில் சில மணி நேரத்துல அதைத் தின்னுடும். பாத்ரூம் ஆசிடோட இதைக் கலக்கவே கூடாது. 1915-ல ஈப்ர் போர்க்களத்துல சிப்பாய்களைக் கொன்ன அதே வாயு வரும். காத்தடிக்கிற சின்னத் தொட்டின்னா இவ்வளவும் வேண்டாம், குளிச்சு முடிச்சதும் கவுத்துக் காய வச்சிடுங்க. வயித்துப்போக்கு இருக்கிற பிள்ளையை எந்தக் குளத்துலயும் இறக்காதீங்க.

கிருமியை விடப் பெரிய எமன் தண்ணியேதான்.

2011-ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல அமெரிக்க ஆய்வு ஒண்ணு வந்தது. 2001 முதல் 2009 வரை, இந்த மாதிரி தூக்கி வைக்கிற குளங்கள்ல மட்டும் 12 வயசுக்குக் கீழ 209 பிள்ளைகள் செத்திருந்தாங்க. பாதிக்கப்பட்டவங்கள்ல 94 சதவீதம் 5 வயசுக்குக் கீழ. அதுல 43 சதவீதம் பேர் பெரியவங்க மேற்பார்வையில இருந்தவங்க! ஏன்னா முங்குற குழந்தை சினிமாவுல மாதிரி கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே வராது. அப்பா போனைப் பார்த்துட்டு நிமிர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

அதான் ஏணி. ஏறுறதுக்கு மட்டும் இல்ல, எடுத்து வைக்கிறதுக்கும்தான். குளிச்சு முடிச்சதும் ஏணியை வீட்டுக்குள்ள கொண்டு போயிடணும். நாலு அடி உயர இரும்புச் சட்டக் குளத்துக்கு இது பாதுகாப்பு. மேல காத்து வளையம் வச்ச குளத்துல சுவரை அமுக்கினா வளையும், குழந்தை தலைகுப்புற உள்ள விழும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் சட்டக் குளம்தான் சொல்வேன், சுத்தி நாலு பக்கமும் பூட்டுற வேலியோட. 1990-களின் தொடக்கத்துல ஆஸ்திரேலிய மாநிலங்கள் சட்டம் போட்டே வேலி வைக்கச் சொன்னாங்க. தண்ணி உறிஞ்சுற வாயில மூடி இருக்கான்னும் பாருங்க. 2002-ல முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயசுப் பேத்தியை வெந்நீர்த் தொட்டியோட உறிஞ்சு குழாய் இழுத்துப் பிடிச்சு முக்கிக் கொன்னது. 2007-ல அந்தப் பிள்ளை பேர்லயே மூடி கட்டாயம்னு சட்டம் வந்தது.

ஒருவேளை நடந்துட்டா? தலைகீழா தூக்கிச் சுத்தாதீங்க, வயித்தை அமுக்காதீங்க. 18-ஆம் நூற்றாண்டு லண்டன்ல முங்கினவன் ஆசனவாய் வழியா புகையிலைப் புகை ஊதினாங்க, அதுக்குன்னு தேம்ஸ் கரையில கருவியே வச்சிருந்தாங்க. அந்த வகை வைத்தியம்தான் இதுவும். மூச்சு இல்லன்னா வாயோட வாய் வச்சு ஊதி, நெஞ்சை அமுக்கி, இன்னொருத்தரை 108-க்குப் பேசச் சொல்லுங்க. நாலஞ்சு நிமிஷத்துல மூளை போயிடும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உங்க கைதான்.

எங்க வைக்கிறது? மொட்டை மாடின்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணாச்சி. ரெண்டடி தண்ணின்னா சதுர மீட்டருக்கு 600 கிலோ. வீட்டு மாடிக்கு இந்தியத் தர விதி கணக்கு வச்சிருக்கிறது 150 கிலோ. தரையில, மட்டம் பார்த்து, கல்லு பொறுக்கி, மணல் பரப்பி வைங்க. 4 டன் தண்ணி சரிஞ்சா பக்கத்துல நிக்கிற பிள்ளை நிக்காது.

பள்ளிக்கூடம் திறந்ததும் குளத்தை மறந்துடுவீங்க. குளோரின் போன தண்ணியில ஒரு வாரம் பத்து நாள்ல ஏடிஸ் கொசு தயார். 2012-ல கடையநல்லூர் டெங்குவை நம்ம மாவட்டம் பார்த்திருக்கு, அப்ப அது திருநெல்வேலியிலதான் இருந்தது. அதனால குளோரினை நிறுத்தி ரெண்டு மூணு நாள் வெயில்ல விட்டு, ஸ்ட்ரிப்ல பூஜ்யம் காட்டினதும் தண்ணியை வாழைக்குத் திறந்து விடுங்க. விரிப்பை ரெண்டு பக்கமும் காய வச்சு மடிங்க. ஈரத்தோட மடிச்சு கொல்லையில போட்டா, மழைத் தண்ணி அந்த மடிப்புல தேங்கும், கொசு அதுலயும் முட்டை போடும்.