குரங்குக்குக் கொடுத்துப் பார்த்த பருப்பு

விருதுநகரில் மண்டி வைத்திருந்த எங்களுக்குத் துவரம் பருப்பில் கலந்து வரும், காலை முடக்கும் கேசரிப் பருப்பு என்றாலே கை கூசும். வடக்கிலிருந்து வரும் துவரம் பருப்பு மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுத்து உள்ளங்கையில் பரப்புவார் எங்கள் அய்யா. ஒரு பக்கம் சரிந்து சதுரமாய்த் தெரிந்தால் அந்த மூட்டை தனியே போகும். சந்தேகம் தீராவிட்டால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்குவது வழக்கம். இளஞ்சிவப்பு ஏறினால் கேசரி. மஞ்சள் சாயம் பூசியிருந்தாலும் சிவக்கும். அதுவும் திருப்பி அனுப்ப வேண்டிய சரக்குதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் சிவகாசி பட்டாசுத் தொழிலாளி கட்டிக்கொண்டு போகிற அரைக் கிலோ பருப்பு எங்கள் கிட்டங்கியிலிருந்து போவது.

கேசரி வறட்சிக்கு அஞ்சாத பயிர். கோதுமை பொய்த்த ஆண்டிலும் விளையும். 1830-களில் சாகர் வட்டாரத்தில் அதையே தின்ற இளைஞர்களுக்குக் கால் விளங்காமல் போனதை ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி எழுதிவைத்தார். ரீவா பக்கம் பண்ணையாட்களுக்குக் கூலியே கேசரிதான். வாங்கித் தின்றவனை விட, கூலியாகப் பெற்றவன்தான் அதிகம் முடங்கினான்.

1961-இல் மத்திய அரசு விற்பனையைத் தடுத்தது. நஞ்சு எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1964-இல்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.எல்.என். ராவ், அடிகா, சர்மா மூவரும் ஓ.டி.ஏ.பி. என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். கோழிக்குஞ்சுக்குச் செலுத்தினால் கழுத்து முறுக்கி வலிப்பு வந்தது. வளர்ந்த விலங்குகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை; ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு நஞ்சை நிறுத்திவிட்டது. ராவும் சர்மாவும் கே.எஸ். மணி முதலானவர்களோடு சேர்ந்து குரங்கின் தண்டுவட நீருக்குள்ளேயே அதைச் செலுத்தியபோது கால்கள் விழுந்தன. 1967-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது அது.

எனக்கு அதில் ஒரு மனக்குறை. முதுகில் ஊசி குத்தி எந்த ஏழையும் பருப்புத் தின்பதில்லை. தடையை எதிர்த்த வியாபாரிகளுக்கு அது நல்ல வாதம். அதற்குப் பதில் 1986-இல் வந்தது: ஸ்பென்சர் என்ற ஆய்வாளரின் குழுவினர் நல்ல ஊட்டத்தோடு வளர்த்த மக்காக் குரங்குகளுக்கு மாதக்கணக்கில் கேசரியையும் அந்த நஞ்சையும் உணவிலேயே கொடுத்தார்கள். நோயின் தொடக்கக் குறிகள் தெரிந்தன. முழு முடக்கம் வரவில்லை. பசியும் சேர்ந்தால்தான் கால் போகும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

நஞ்சைப் போக்கும் வழி அதற்கு இருபது ஆண்டு முன்பே ஹைதராபாத்தில் கிடைத்திருந்தது. 1966-இல் மோகன், நாகராஜன், கோபாலன் மூவரும் சொன்னது சமையற்கட்டு வேலை: வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடு, நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். பி வைட்டமினும் கூடவே போகும். தண்ணீரும் விறகும் இல்லாத பஞ்சத்தில்தானே ஏழை கேசரி தின்கிறான், அவன் எதைக் கொதிக்கவைப்பான்? அதனால் நஞ்சு குறைந்த ரகங்கள் தேடினார்கள். பூசா-24 அப்படி வந்தது, பிறகு ரத்தன், பிரதீக். 2016-இல் தடையை நீக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தபோது மார்க்கெட்டில் கொஞ்ச நாள் அதுவே பேச்சு. பூசாவா நாட்டு ரகமா என்று சாம்பிளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தரகர்களைக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.