இப்னு ஃபல்லூஸ் கண்ட பகா எண்

ஃபராயிள் என்னும் வாரிசுரிமைக் கல்வியில் மாணவர் மனனம் செய்யும் சொற்கள் நான்கு: தமாதுல், ததாகுல், தவாஃபுக், தபாயுன். இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இல்லையேல் அவை தபாயுன் ஆகும். மதரஸாப் பாடம் பங்கு பிரிப்பதோடு நின்றுவிடும். அரபு மொழியில் எழுதிய கணித மேதைகளோ அதனினும் நெடுந்தூரம் சென்றனர்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாததை நாம் பகா எண் என்கிறோம். அரபியில் அது 'அவ்வல்', அதாவது முதல் எண். தன்னை ஒழித்த ஏனைய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக நிற்பது 'தாம்ம்', நிறைவெண். 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டல், 28உம் அவ்வாறே. யூக்ளிட் இதற்கு வழி கூறினார். 1, 2, 4 என இரட்டித்துக் கூட்டிச் செல்க. கூட்டுத்தொகை பகா எண்ணாயின் அதனை இறுதி உறுப்பால் பெருக்குக. 7ஐ 4ஆல் பெருக்க 28 கிட்டுகிறது. இரட்டைப்படை நிறைவெண் யாவும் இவ்வழியே பிறப்பன என்று நிறுவ முயன்றவர் இப்னுல் ஹைதம். அதனை முற்றாக நிறுவியவர் 18ஆம் நூற்றாண்டின் ஆய்லர்.

பண்டைக் கிரேக்கர் அறிந்தவை 6, 28, 496, 8128 என்னும் நான்கே. கி.பி. 1194இல் பிறந்த இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் இப்னு ஃபல்லூஸ், நிக்கோமாக்கஸின் எண்ணியலை அடியொற்றி எழுதிய நூலில் பத்து எண்களை நிறைவெண்கள் என அட்டவணையிட்டார். அவற்றுள் முதல் ஏழும் பிழையற்றவை. ஏழாவது 137438691328. அதன் உள்ளே இருக்கும் பகா எண் 524287.

இதில் எளிதில் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. இரட்டிக்கும் வரிசையில் பதினொன்றாம் கூட்டுத்தொகை 2047. பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றினும் அது 23ஐ 89ஆல் பெருக்கிய தொகை. இப்னு ஃபல்லூஸின் முதல் ஏழில் அதன் வழி வந்த போலி எண் இடம்பெறவில்லை.

524287 பகா எண்ணே என நேர்முறையில் தெளிய, 724க்கு உட்பட்ட 128 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். பொலோஞாவின் கட்டால்டி 1588இல் இவ்வாறே வகுத்து முடித்தார். அவரது நூல் 1603இல் வெளிவந்தது. பின்னர் 1640இல் ஃபெர்மா ஒரு விதி கண்டார். அதன்படி இவ்வெண்ணின் வகுத்தி எதுவாயினும் 38இன் மடங்கைவிட ஒன்று மிகுதியாதல் வேண்டும். எனவே 191, 229, 419, 457, 571, 647 என்னும் ஆறினால் வகுத்துப் பார்த்தாலே போதும்! 128 வகுத்தல் ஆறாகச் சுருங்கிய இவ்விடமே நமக்கு இவ்வரலாற்றில் மிக இனிக்கும் இடம்.

ஐரோப்பிய நூல்கள் பல ஏழாம் நிறைவெண்ணைக் கட்டால்டியின் பெயரிலேயே எழுதின. முன்னூறு ஆண்டுக்கு மேல் மூத்தவரை விட்டுவிட்டது முறையன்று. ஆயின் எல்லாம் நம்மவர் கண்டதே என மேடையில் முழங்குவோர், அவ்வட்டவணையின் இறுதி மூன்றும் தவறானவை என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். மெய்யான எட்டாவது நிறைவெண்ணுக்குரிய 2147483647ஐப் பகா எண் என ஆய்லர் நிறுவியது 1772இல்.